நிக்கான் டி7500: பழைய 'நடுத்தர' டிஎஸ்எல்ஆரை இப்போது வாங்கலாமா?

சம்பளம் வந்த வாரத்தில், பழைய பொருள் விற்கும் ஆப்பைத் திறந்து கேமரா பிரிவுக்குள் போனால் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: நிக்கான் டி7500. 'ரொம்ப கம்மியா யூஸ் பண்ணது', 'பில், பாக்ஸ் எல்லாம் இருக்கு', 'மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் விற்கிறேன்' என்று கீழே ஒரு வரி இருக்கும். விலையும் கையைக் கடிக்காது போலத் தோன்றும். சரி, விசாரிக்கலாம் என்று யூடியூபைத் திறந்தால் குழப்பம் ஆரம்பம். ஒருவர் 'இந்தக் காசுக்கு இதைவிட நல்ல கேமரா கிடைக்கவே கிடைக்காது' என்பார். அடுத்தவர் 'டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, காசைக் கரியாக்காதீங்க' என்பார்.

இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கேமரா நல்லதா, கெட்டதா என்று மட்டும் கேட்டால் இந்தக் குழப்பம் தீராது. நடுத்தர விலைக் கேமரா ஒன்றை எடைபோட வேறொரு கேள்வி தேவை: கம்பெனி இதிலிருந்து எதை வேண்டுமென்றே விலக்கி வைத்தது? விலக்கியது உங்கள் படங்களுக்குத் தேவையானதா?

'நடுத்தரம்' என்பது எங்கே இருக்கிறது?

கேமரா கம்பெனிகளின் படிக்கட்டு எளிமையானது. கீழ்ப்படியில், முதன்முதலாகக் கேமரா வாங்குபவர்களுக்கான மாடல்கள். நிக்கானில் டி3500, டி5600 போன்றவை. மேல்படியில், படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான டி500, டி850, டி6. நடுவில் இருப்பதுதான் டி7000 வரிசை. ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆர்வலருக்கானது.

இந்த நடுப்படிக்கு ஒரு சிக்கல் உண்டு. கீழ்ப்படியைவிட ரொம்ப நன்றாக இருக்க வேண்டும்; அப்போதுதான் ஆள் மேலே ஏறுவார். ஆனால் மேல்படிக்குச் சமமாக இருந்துவிடக் கூடாது. இருந்தால் மேல்படியை யார் வாங்குவார்? அதனால் நடுத்தரக் கேமராவில் ஒவ்வொரு வசதியும் ஒரு பேரம். எதைக் கொடுத்தார்கள் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். எதை எடுத்தார்கள் என்பது வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் உறைக்கும்.

டி7500 இதற்கு நல்ல உதாரணம். 2016 ஜனவரியில் நிக்கான் டி500-ஐ அறிவித்தது. அமெரிக்காவில் பாடி மட்டும் சுமார் 2,000 டாலர். 2017 ஏப்ரலில் டி7500 வந்தது, சுமார் 1,250 டாலருக்கு. இரண்டுக்கும் ஒரே 20.9 மெகாபிக்சல் சென்சார். ஒரே எக்ஸ்பீட் 5 பிராசசர். வெளிச்சத்தை அளக்கும் பகுதியும் அதே 1,80,000 பிக்சல் ரகம். அதாவது படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை ஒன்று. அப்படியானால் 750 டாலர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் கதை இருக்கிறது.

கொடுத்தது என்ன?

முதலில் நியாயமாக, கொடுத்ததைப் பார்த்துவிடலாம். அதுவும் கொஞ்சமில்லை.

இதற்கு முந்தைய டி7200-ல் 24 மெகாபிக்சல் இருந்தது. டி7500-ல் 20.9 ஆகக் குறைந்தபோது, 'என்னடா இது, பின்னாடி போறாங்க' என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. டி7500 படத்தின் அளவு 5,568க்கு 3,712 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் பிரின்ட் போட்டால் 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் தாராளமாக வரும். கல்யாண ஆல்பம் போடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த '12க்கு 18' அளவு அதுதான். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இதில் சின்னப் பங்கு போதும். ரொம்ப தூரத்தில் இருக்கும் பறவையை வெட்டிப் பெரிதாக்கும்போது மட்டும் அந்த மூன்று மெகாபிக்சல் கொஞ்சம் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்தது வேகம். டி7200 விநாடிக்கு 6 படம் எடுக்கும். டி7500 விநாடிக்கு 8. இந்த எண்ணைவிட முக்கியமானது 'பஃபர்'. எடுத்த படங்களைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. முழுத் தரமுள்ள 14-பிட் ரா ஃபைலில் டி7200 சுமார் 18 படத்தில் மூச்சு வாங்கும். டி7500 சுமார் 50 படம் தாங்கும். விரலை எடுக்காமல் அழுத்தினால் முன்னதில் மூன்று விநாடி, பின்னதில் ஆறு விநாடிக்கு மேல்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த மூன்று விநாடியின் மதிப்பு தெரியும். நத்தைகுத்தி நாரை கூட்டுக்குக் குச்சியைக் கவ்விக்கொண்டு வரும். மரத்துக்கு மேலே வந்ததும் இறக்கையை அகல விரித்து, காலை முன்னால் நீட்டி, வேகத்தைக் குறைத்து இறங்கும். நல்ல படம் கடைசி ஒரு விநாடியில்தான் இருக்கிறது. பழைய கேமராவில் சீக்கிரம் அழுத்த ஆரம்பித்தால், அந்தக் கடைசி விநாடி வரும்போது பஃபர் நிரம்பிக் கேமரா தடுமாறும். டி7500-ல் அந்தக் கவலை பெருமளவு குறைந்துவிடுகிறது.

விளம்பரத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு வசதி உண்டு: படத்தில் மிகப் பிரகாசமான பகுதி வெளுத்துப் போகாமல் பார்த்து வெளிச்சத்தை அளக்கும் முறை. டி7200-ல் இது கிடையாது. தெருக்கூத்து எடுக்கப் போனவர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரு விளக்கு, அதன் கீழே அரிதாரம் பூசிய முகம். சாதாரண முறையில் அளந்தால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து, அதை வெளிச்சமாக்க முயலும். முகம் வெள்ளைக் காகிதம் போல வெளுத்துவிடும். இந்த முறையில் கட்டியங்காரனின் கன்னத்து வண்ணம் அப்படியே நிற்கும். பங்குனி அறுபத்துமூவர் விழாவில் மின்விளக்கு அலங்காரத்துக்கு நடுவே சப்பரம் வரும்போதும் இதே கதைதான்.

இவை போக, சாய்த்துப் பார்க்கக்கூடிய டச் ஸ்கிரீன், பேட்டரியோடு 720 கிராம் எடை, ஒரு சார்ஜில் 950 படம் எனச் சொல்லிக்கொண்டே போகலாம். பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது என்பது பட்ஜெட் பார்ப்பவர்களுக்குப் பெரிய விஷயம். டி3500, டி5600-ல் அது இல்லை. அதனால் 'ஏஎஃப்-டி' ரகப் பழைய லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7500-ல் தானாக ஃபோகஸ் ஆகும். 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற சின்ன லென்ஸ்கள் பழசில் மலிவாகக் கிடைப்பவை.

எடுத்தது என்ன?

இப்போது பட்டியலின் மறுபக்கம்.

ஒன்று, இரண்டாவது மெமரி கார்டு ஸ்லாட். டி7200-ல் இரண்டு இருந்தது. டி7500-ல் ஒன்றுதான்.

இரண்டு, பேட்டரி கிரிப் மாட்டும் வசதி. டி7200-க்கு நிக்கானே தனி கிரிப் விற்றது. டி7500-ன் அடிப்பகுதியில் அதற்கான இணைப்பே கிடையாது.

மூன்று, பழைய மேனுவல் லென்ஸ்களின் துளை அளவைக் கேமராவுக்குச் சொல்லும் சின்ன உலோக நாக்கு. 1977-லிருந்து வந்த 'ஏஐ' ரக லென்ஸ்கள் டி7200-ல் மாட்டினால் கேமரா வெளிச்சத்தை அளந்து சொல்லும். டி7500-ல் லென்ஸ் மாட்டும். ஆனால் கேமரா வெளிச்சத்தை அளக்காது. எல்லாவற்றையும் நீங்களே குத்துமதிப்பாக வைக்க வேண்டும்.

நான்கு, ஃபோகஸ் அமைப்பு. டி500-ல் 153 புள்ளி. டி7500-க்கு வந்தது டி7200-ன் 51 புள்ளி அமைப்பு. சென்சாரை மேல்படியிலிருந்து இறக்கிக்கொடுத்தார்கள், கண்ணை இறக்கிக்கொடுக்கவில்லை.

ஐந்து, 4கே வீடியோவில் முழு அகலம். இதைக் கொஞ்சம் பிறகு பார்க்கலாம்.

இவற்றில் முதல் மூன்றும் முந்தைய, விலை குறைவான மாடலிலேயே இருந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பம் எட்டவில்லை என்று சொல்ல முடியாது. டி500 என்ற மேல்படிக்கு மரியாதை குறையக் கூடாது என்பதைத் தவிர வேறு வலுவான காரணம் எதுவும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவில்லை.

நிக்கானை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. இதற்குப் போட்டியாக 2019 ஆகஸ்டில் வந்த கேனான் 90டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 32.5 மெகாபிக்சல், விநாடிக்கு 10 படம், 1,300 படம் தாங்கும் பேட்டரி. பிரமாதம். அதிலும் கார்டு ஸ்லாட் ஒன்றுதான். வீடியோவில் விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற வசதியையும் முதலில் தரவில்லை. குறும்படம் எடுப்பவர்கள் சினிமாத் தோற்றத்துக்காக முதலில் தேடுவது அதைத்தான். பலரும் சத்தம் போட்ட பிறகு ஃபர்ம்வேர் அப்டேட்டில் கொடுத்தது கேனான். அதே கேமரா, அதே சென்சார். முடியாமல் விட்டதில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஒரு ஸ்லாட் யாருக்குப் பிரச்சினை?

'ஒரு ஸ்லாட்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?' என்று தோன்றலாம். பொழுதுபோக்குக்காக எடுப்பவருக்கு உண்மையிலேயே பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் எடுத்த படம் போனால் வருத்தம்தான். அடுத்த ஞாயிறு திரும்பப் போகலாம்.

ஆனால் ஆர்வலர்கள் பலர் ஆர்வலராக மட்டுமே நிற்பதில்லை. நன்றாக எடுக்கிறார் என்று பெயர் வந்ததும் நண்பன் கேட்பான்: 'மச்சான், தங்கச்சி கல்யாணம், நீயே எடுத்துடேன். லென்ஸ் வாங்கக் காசு தந்துடறேன்.' மறுக்க மனசு வராது. அப்படித்தான் பலருக்கும் முதல் ஆர்டர் வருகிறது.

அங்கே கணக்கு மாறிவிடுகிறது. மெமரி கார்டு எப்போதாவது பழுதாகும் பொருள். முகூர்த்தம் ஒரு தடவைதான். தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படங்கள் கார்டோடு போய்விட்டால், 'திரும்ப ஒருமுறை கட்டுங்கள்' என்று யாரிடம் சொல்வது? இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதிவாகும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். அந்தக் காப்பு டி7500-ல் கிடையாது, 90டி-யிலும் கிடையாது.

அதனால் இதில் தெளிவாக இருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு விசேஷம் எடுக்கும் எண்ணம் இப்போதோ, ஓரிரு வருஷத்திலோ இருந்தால், டி7500 வேண்டாம். பழைய டி7200 வாங்குவதே மேல். வேகம் குறைவு, ஆனால் இரண்டு ஸ்லாட் உண்டு. பட்ஜெட் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால் பழைய டி500. அந்த எண்ணம் இல்லவே இல்லை என்பவருக்கு, ஒரு ஸ்லாட்டைக் காரணம் காட்டி இந்தக் கேமராவை ஒதுக்கத் தேவையில்லை.

அந்த உலோக நாக்கு விஷயமும் இப்படித்தான். வீட்டு அலமாரியில் தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுப்போன பழைய நிக்கான் லென்ஸ் ஒன்று பட்டுத் துணியில் சுற்றி இருக்கிறதா? இருந்தால் டி7200-தான் அதற்கு ஜோடி. இல்லையென்றால், இந்த வசதி போனது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

வீடியோ எடுப்பவர்கள் கவனத்துக்கு

டி7500-ன் பெட்டியில் '4கே' என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் 4கே எடுக்கும்போது கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது. காட்சி மேலும் ஒன்றரை மடங்கு குறுகிவிடும். கூடவே வரும் 18-140 மி.மீ. லென்ஸின் மிக அகலமான 18 மி.மீ., ஃபுல்ஃபிரேம் கணக்கில் 27 மி.மீ. போல இருக்க வேண்டியது, 4கே-யில் சுமார் 40 மி.மீ. போல ஆகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் சமையல் வீடியோ எடுக்கப் பார்த்தால், முதுகு சுவரில் இடித்த பிறகும் அடுப்பு முழுசாக ஃபிரேமுக்குள் வராது.

இதைவிடப் பெரிய தொல்லை ஃபோகஸ். வியூஃபைண்டரில் பார்க்கும்போது சட்டென்று பிடிக்கும் கேமரா, பின்னால் உள்ள ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கும்போது வேறு முறைக்கு மாறிவிடும். முன்னும் பின்னும் போய்த் தேடித்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கும். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நடந்துகொண்டே பேசும் ஆளுக்கு இது ஒத்தே வராது. இந்த ஒரு விஷயத்தில் கேனான் 90டி பல படி மேலே. அதன் ஸ்கிரீன் வழி ஃபோகஸ் வேகமானது, கண்ணையும் அடையாளம் காணும், 4கே-யையும் முழு அகலத்தில் எடுக்கும்.

யூடியூப் சேனல்தான் முதல் நோக்கம் என்றால் டி7500 பற்றி இதற்கு மேல் படிக்கவே தேவையில்லை. வேறு கேமராவைப் பாருங்கள்.

மிரர்லெஸ் வந்த பிறகும் இது தேவையா?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி வியூஃபைண்டருக்குப் போகும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். வெளிச்சம் சென்சாரில் விழும். 'சடக்' என்று கேட்பது அதுதான். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதை அப்படியே குட்டி ஸ்கிரீனில் பார்க்கிறீர்கள். எடுக்கப்போகும் படம் எப்படி வரும் என்று முன்னாலேயே தெரியும். ஃபோகஸையும் சென்சாரே பார்த்துக்கொள்வதால், கண் எங்கே, பறவை எங்கே என்று கண்டுபிடித்துப் பின்தொடர முடிகிறது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 2012-ல் உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் டிஎஸ்எல்ஆர்கள் கப்பலேறின. 2020-ல் முதன்முறையாக மிரர்லெஸ் அதை முந்தியது. அந்த வருஷத்துக்குப் பிறகு நிக்கானோ கேனானோ புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டுக்கான கடைசிப் புது லென்ஸும் 2020 தொடக்கத்தில் வந்ததோடு சரி. டி7500 வாங்குபவர், இனி புது வண்டி வராத தடத்தில் ஏறுகிறார். அதைத் தெரிந்தே ஏற வேண்டும்.

தெரிந்தே ஏறினால் லாபமும் உண்டு. மற்றவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறார்கள். அவர்களுடைய லென்ஸ்கள் விற்பனைக்கு வருகின்றன. புதிதாக வாங்கியிருந்தால் யோசித்திருக்கக்கூடிய லென்ஸ்கள் எட்டும் விலைக்கு இறங்குகின்றன.

புது மிரர்லெஸ் பக்கமும் நேர்மையாகப் பார்க்கலாம். 2024 நவம்பரில் வந்த நிக்கான் இசட்50 II-விலும் அதே 20.9 மெகாபிக்சல்தான். ஆனால் பிராசசர் இரண்டு தலைமுறை புதுசு. பறவையையும் முகத்தையும் தானே அடையாளம் காணும். 4கே-யில் 30 ஃபிரேம்வரை அகலம் குறையாது. மார்கழிக் கச்சேரியில் சத்தமே இல்லாமல் படம் எடுக்கலாம். டி7500-ன் 'சடக்' சத்தத்துக்கு முன்வரிசை ரசிகர் திரும்பி முறைப்பார். இன்னொரு பக்கம், அதன் பேட்டரி ஒரு சார்ஜில் 250 படத்தை ஒட்டித்தான் தாங்கும், டி7500-க்கு 950. கார்டு ஸ்லாட்? அதிலும் ஒன்றுதான்! கண்ணாடி போய்விட்டது, பழைய விளையாட்டு போகவில்லை. கேனான் ஆர்7-ல் இரண்டு ஸ்லாட் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, ஃபோகஸிலும் வீடியோவிலும் மிரர்லெஸ் மேலே. அசையாத காட்சியில், நல்ல வெளிச்சத்தில், படத்தின் தரத்தில் பெரிய இடைவெளி இல்லை. கேள்வி, கையில் இருக்கும் பணத்துக்கு எது கிடைக்கும் என்பதில்தான் வந்து நிற்கிறது.

பணத்தை எங்கே போடுவது?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மொத்தப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு, கூட வந்த லென்ஸோடு இரண்டு வருஷம் ஓட்டுவது. இன்னும் சிலர் அதற்கு இஎம்ஐ-யும் போட்டுவிடுகிறார்கள். ஆறாவது தவணை கட்டும்போது கேமரா பீரோவுக்குள் போயிருக்கும். 'நம்ம படம் ஏன் அவங்க படம் மாதிரி வரல?' என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

படம் மாறுவது லென்ஸால். குழந்தையின் முகம் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் வர வேண்டும் என்றால் அதற்கு 35 மி.மீ. எஃப்/1.8 போன்ற லென்ஸ் வேண்டும். 200 கிராம்தான் எடை. பறவை வேண்டும் என்றால் குறைந்தது 70-300. மனசு அதிலேயே ஊறிவிட்டால் 200-500. அது 2.3 கிலோ, தோள் வலிக்கும், ஆனால் படம் வரும். இவை எதுவும் இல்லாமல் எவ்வளவு புது பாடி வாங்கினாலும் நாரை புள்ளியாகத்தான் தெரியும்.

எனவே பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு, பழைய டி7500 பாடியும் தேவைக்கேற்ற ஒரு நல்ல லென்ஸும், புது மிரர்லெஸ் பாடியும் கிட் லென்ஸும் என்ற ஜோடியைவிட அதிகப் படங்களைக் கொடுக்கும். பறவை, திருவிழா, பயணம், வீட்டு மனிதர்கள் என்று அசையாப் படமே நோக்கமாக இருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும்.

லென்ஸ் வாங்கும்போது ஒரு முன்யோசனை வேண்டும். நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால், 'ஏஎஃப்-எஸ்', 'ஏஎஃப்-பி' ரக லென்ஸ்கள் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகும். 'ஏஎஃப்-டி' ரகம் ஆகாது. அந்த அடாப்டரில் மோட்டார் கிடையாது. ஆக, மலிவாகக் கிடைக்கிறது என்று ஏஎஃப்-டி லென்ஸில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பணம் போடுவதை ஏஎஃப்-எஸ்ஸில் போடுவது புத்திசாலித்தனம். கூட வரும்.

பழசு வாங்கப் போகும்போது

இன்றைக்கு டி7500 வாங்குபவர்களில் பலர் பழசுதான் வாங்கப்போகிறார்கள். பத்து நிமிஷம் செலவழித்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

* ஷட்டர் கவுன்ட்: கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண். நிக்கான் படங்களின் ஃபைலுக்குள்ளேயே அது பதிந்திருக்கும். நேரில் ஒரு படம் எடுத்து வாங்கிப் பாருங்கள். டி7500-ன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 'கம்மியா யூஸ் பண்ணது' என்பதற்கு இந்த எண்தான் சாட்சி.

* சென்சார்: துளையை எஃப்/16-க்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசு. துடைத்தால் போகலாம். கோடு தெரிந்தால் கீறல். அது போகாது.

* லென்ஸில் பூஞ்சை: கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது சகஜம். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வாங்கிய பிறகு, காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

* பேட்டரி: மெனுவில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை கேமராவே காட்டும். 4 என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

* ஃபோகஸ்: விலாசம் எழுதிய காகிதத்தைச் சாய்த்து வைத்து, நடு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். முன் வரியோ பின் வரியோ தெளிவாக வந்தால், லென்ஸும் பாடியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். டி7500-ல் இதைச் சரிசெய்யும் வசதி மெனுவிலேயே உண்டு என்பதால் பதற வேண்டாம், பேரம் பேசலாம்.

* பில்: பில்லில் உள்ள எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுக் கேமரா கையில் வந்தால் விலையைவிட அலைச்சல் அதிகம்.

கடைசியில், வாங்கலாமா?

காசு வாங்கி விசேஷம் எடுப்பவர், வீடியோவை முதன்மையாக நினைப்பவர், சபாவிலும் நாடக மேடையிலும் சத்தமில்லாமல் எடுக்க வேண்டியவர்: இந்த மூவருக்கும் டி7500 வேண்டாம். அவர்களிடமிருந்து நிக்கான் எடுத்துக்கொண்டது அவர்களுக்கு அத்தியாவசியமானது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மிச்சம் ஆகாது.

வார இறுதியில் ஏரிக்கரைக்கும் தேரடிக்கும் போகிறவர், படத்தை 12க்கு 18-ல் பிரின்ட் போட்டு வீட்டில் மாட்ட நினைப்பவர், நல்ல லென்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்: இவர்களுக்கு டி7500 இன்னும் பல வருஷம் உழைக்கும். மேல்படிக் கேமராவின் சென்சார் இவர்களுக்குப் பாதி வழியில் கிடைத்திருக்கிறது. எடுத்ததில் இவர்களுக்குத் தேவையானது அநேகமாக எதுவுமில்லை.

இவற்றில் தாம் யார் என்று இன்னும் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் கேமராவை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு சனி, ஞாயிறு எடுத்துக்கொண்டு போய், வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை அலுவலகம் போகும்போது, 'இது மட்டும் இருந்திருந்தா' என்று எதை நினைக்கிறீர்களோ, அதுதான் உங்களுக்குத் தேவையான வசதி. அது டி7500-ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விற்பவருக்கு போன் போடுங்கள்.